ஆறு கைகளும் பேசிக்கொள்வதில்லை

அன்புள்ள சார்,
ஒரு பனித்துகளைப் போல் இன்னொன்று இருக்காது என்று எழுதியிருந்தீர்கள். சரி. அப்படியானால் ஒரே துகளின் ஆறு கைகள் மட்டும் எப்படி அச்சாக ஒத்துப்போகின்றன? ஒரு கை செய்வது மற்ற ஐந்துக்கும் எப்படித் தெரிகிறது?
ஆர்.

அன்புள்ள ஆர்.,

தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. துகளின் அகலமே சில மில்லிமீட்டர்தான். மேகத்துக்குள் அது எங்கே அலைந்தாலும் ஆறு கைகளும் சேர்ந்தே அலைகின்றன. ஒரே குளிர், ஒரே ஈரம். பக்கத்துத் துகள் வேறு வழியில் வந்திருக்கும்.

மேகத்தில் ஒரு நுண்துளி உறைந்து விதையாகிறது. அப்புறம் சுற்றியுள்ள நீராவி நேராக அதன்மேல் படிய, அது அறுகோணத் தகடாக வளர்கிறது. தகட்டின் மூலைகள் ஈரக்காற்றுக்குள் சற்றுத் துருத்திக்கொண்டிருப்பதால், பந்தியில் முன்னால் உட்கார்ந்தவருக்கு வடை கிடைப்பது போல, நீராவி முதலில் அவற்றுக்குத்தான். அந்த மூலைகளே ஆறு கைகளாக நீள்கின்றன. ஈரம் குறைவென்றால் வெறும் தகடாகவே நின்றுவிடும்.

குளிரும் ஈரமும்தான் துகளின் வடிவத்தை முடிவுசெய்கின்றன என்று சோதித்துக் காட்டியவர் ஜப்பானிய இயற்பியலாளர் உகிச்சிரோ நகாயா. சப்போரோவில், ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில், குளிரூட்டிய அறைக்குள் கண்ணாடிக் குழாய் வைத்து, கீழே தண்ணீரைச் சூடாக்கி ஆவியை மேலே அனுப்பினார். துகள் தொங்குவதற்கு ஒரு இழை வேண்டும். பஞ்சு, பட்டு என்று பலவற்றைத் தொங்கவிட்டார். இழை முழுக்க உறைபனி அப்பிக்கொண்டது. கடைசியில் கைகொடுத்தது முயல் முடி. அதிலுள்ள சின்னச் சின்ன முடிச்சுகளில் துகள்கள் தனித்தனியாகப் பிடித்தன. 1936 மார்ச்சில் முதல் செயற்கைப் பனித்துகள் கிடைத்தது.

குளிரையும் ஈரத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். மைனஸ் 2 டிகிரியில் தகடு. மைனஸ் 5இல் ஊசியும் தூணும். மைனஸ் 15 அருகே, ஈரமும் நிறைய இருந்தால், நீங்கள் வாழ்த்து அட்டையில் பார்க்கும் கிளைவிட்ட நட்சத்திரம். இன்னும் குளிர்ந்தால் மறுபடி தூண்கள் வருகின்றன. ஏன் இப்படித் தகடும் தூணுமாக மாறி மாறி வருகிறது என்பதில் இயற்பியலாளர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள்.

உங்கள் ‘அச்சாக’வைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் வெர்மான்ட்டில் வில்சன் பென்ட்லி என்ற விவசாயி 1885 முதல் 5000க்கும் மேல் துகள்களைப் படமெடுத்தார். அழகானவற்றையே தேடித்தேடி எடுத்தார். நம் மனதில் பதிந்தவை அவைதான். விழுவதில் பெரும்பாலானவை கோணல்மாணல், கை ஒடிந்தவை, ஒன்றோடொன்று ஒட்டியவை.

எனக்குப் பிடித்தது நட்சத்திரமே இல்லை. தூணாக வளர்ந்த துகள், தகடு வளரும் குளிருக்குள் போய்விட்டால் இரு முனையிலும் ஆளுக்கொரு தகடு முளைக்கும். பார்க்க அசல் தையல் மெஷின் பாபின்தான்.