அமெரிக்காவில் மெட்ரோபாலிட்டன், மைக்ரோபாலிட்டன் பகுதிகளை எதை வைத்துப் பிரிக்கிறார்கள்?

மையத்தில் 50,000 அல்லது அதற்கு மேல் மக்கள் வாழும் நகர்ப்பகுதி இருந்தால் மெட்ரோபாலிட்டன். 10,000க்குக் குறையாமல், 50,000ஐ எட்டாமல் இருந்தால் மைக்ரோபாலிட்டன். வரையறுப்பது மத்திய அரசின் மேலாண்மை, பட்ஜெட் அலுவலகம்.

சரி, எல்லை எது? இதுதான் முக்கியம். கவுன்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி, மாநிலத்தின் உட்பிரிவு) கவுன்டியாகச் சேர்க்கிறார்கள். பக்கத்துக் கவுன்டியில் வேலை பார்ப்பவர்களில் 25 சதவீதம் பேராவது அந்த நகர்ப்பகுதி இருக்கும் மையக் கவுன்டிக்கு வேலைக்குப் போய்வந்தால் அதுவும் உள்ளே வரும். சந்தை ஊரோடு சுற்றுப்பட்டுக் கிராமங்கள் பிழைப்பால் பின்னிக் கிடக்குமே, அதே மாதிரி. வீடு ஓரிடம், சம்பளம் ஓரிடம் என்று வாழ்பவர்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் வேலை, வாடகை, போக்குவரத்துக் கணக்கெல்லாம் சரியாக வரும்.

மெட்ரோ என்றாலே கட்டடக் காடு என்று நினைத்துவிட வேண்டாம்: அரிசோனாவின் ஃபிளாக்ஸ்டாஃப் மெட்ரோ பகுதி கோகோனினோ கவுன்டி முழுவதையும் கொண்டது, கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் தெற்கு விளிம்பும் அதற்குள்தான் இருக்கிறது.