எஞ்சின் சூட்டைக் காட்டும் மீட்டர்: சென்சாரை எங்கே பொருத்துவது?

கேள்வி: என்னிடம் இருப்பது 2009-ஆம் ஆண்டு பெட்ரோல் கார். டாஷ்போர்டில் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் கிடையாது. சிவப்பு விளக்கு மட்டும்தான். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டிலும், எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவிலும் ஏசியைப் போட்டுக்கொண்டு நிற்கும்போது எஞ்சின் கொதித்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. அதனால் தனியாக ஒரு டெம்பரேச்சர் மீட்டர் வாங்கினேன். கம்பெனி சென்சாரைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் இதைப் போடலாம் என்கிறார் கடைக்காரர். ரேடியேட்டர் ஹோஸை வெட்ட வேண்டும் என்கிறார் மெக்கானிக். யார் சொல்வது சரி?
— ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: மெக்கானிக் சொல்வதே சரி. கம்பெனி சென்சாரின் மீது யாரையும் கை வைக்க விடாதீர்கள். உங்கள் காரின் கம்ப்யூட்டர் அந்தச் சென்சாரை நம்பித்தான் எவ்வளவு பெட்ரோல் விட வேண்டும், ரேடியேட்டர் ஃபேனை எப்போது ஓட்ட வேண்டும் என்பதை முடிவு செய்கிறது. அதைக் கழற்றினால் பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும், ஃபேனும் நேரத்துக்கு ஓடாது. கழற்ற வேண்டாம், அதன் ஒயரிலிருந்தே ஓர் இணைப்பு எடுத்துக்கொள்ளலாம் என்று அடுத்த யோசனை வரும், அதற்கும் சம்மதிக்காதீர்கள். சூடு ஏற ஏற சென்சாரின் மின்தடை குறைவதைத்தான் கம்ப்யூட்டர் அளந்துகொண்டிருக்கிறது. அதே ஒயரில் இன்னொரு மீட்டரை மாட்டினால் இரண்டுமே தவறாகப் படிக்கும்.

எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குச் செல்லும் மேல் ஹோஸை வெட்டி, நடுவில் ஓர் அலுமினிய அடாப்டரைச் செருகி, இரு பக்கமும் கிளிப் போட்டு இறுக்கி, அடாப்டரில் உள்ள துளையில் புதிய சென்சாரைத் திருக வேண்டும். எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகே இதைச் செய்ய வேண்டும். ஹோஸின் உள்விட்டம் காருக்குக் கார் மாறும், 28 மி.மீ. முதல் 38 மி.மீ. வரை அடாப்டர்கள் கிடைக்கின்றன. எல்லாக் காருக்கும் ஒரே சைஸ்தான் என்று சொல்லி விற்று, தளர்வாக இருந்தால் டேப்பைச் சுற்றி, அதற்கு மேல் எம்-சீலை அப்பி அனுப்பும் கடைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அழுத்தத்தோடு ஓடும் கொதிநீருக்கு முன்னால் டேப் எத்தனை நாள் தாங்கும்?

த்ரெட்டிலும் ஒரு கண்ணி இருக்கிறது. சென்சார்களில் எட்டில் ஒரு அங்குல என்பிடி (NPT, குழாய்களுக்கான அமெரிக்க அளவு) த்ரெட் ஒரு வகை, 10 மி.மீ. த்ரெட் இன்னொரு வகை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஒன்றின் துளையில் மற்றது இரண்டு மூன்று சுற்று நல்லபிள்ளையாக உள்ளே போய்விட்டு அப்புறம் அடம்பிடிக்கும். அந்த நேரத்தில் ஸ்பேனரை மாட்டித் திருகினால் அலுமினியத் த்ரெட் வழித்துக்கொண்டு வந்துவிடும். எனவே மீட்டர், சென்சார், அடாப்டர் மூன்றையும் ஒரே கம்பெனியின் ஒரே செட்டாக, பில்லோடு வாங்குங்கள். வேறு கம்பெனி சென்சாரை மாட்டினால் மீட்டர் காட்டும் எண்ணுக்கு எந்த மதிப்பும் கிடையாது.

இனி எர்த், அதாவது மின்சாரம் பாட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பும் வழி. பலரும் கோட்டை விடுவது இங்கேதான். உங்கள் சென்சாரில் ஒரே ஒயர் வருகிறதா, இரண்டு ஒயர் வருகிறதா என்று பாருங்கள். ஒற்றை ஒயர் என்றால் அது தன் உடலின் வழியாகவே எர்த் எடுத்துக்கொள்ளும். எஞ்சின் இரும்பில் நேரடியாகத் திருகியிருந்தால் அது தானாகவே கிடைத்துவிடும். ஆனால் உங்கள் அடாப்டர் இரு பக்கமும் ரப்பர் ஹோஸுக்கு நடுவில் தொங்குகிறது, ரப்பரின் வழியே மின்சாரம் போகாது. ஆகவே அடாப்டரில் இருந்து எஞ்சினுக்கோ பாட்டரியின் நெகட்டிவுக்கோ தனியாக ஓர் ஒயர் இழுத்தே ஆக வேண்டும். அடாப்டரில் அதற்கென்று ஒரு திருகு இல்லாவிட்டால், அதன் வெற்று அலுமினியத்தை ஒரு கிளாம்ப் கவ்விப் பிடிக்கும்படி செய்து அதில் ஒயரை இணைக்க வேண்டும். சென்சார் த்ரெட்டில் டெஃப்லான் டேப்பைக் கட்டுக்கட்டாகச் சுற்றினாலும் இந்த எர்த் கெடும். ஒரு சுற்று போதும். இரண்டு ஒயர் சென்சாருக்கு இவை எதுவும் வேண்டாம், அதன் எர்த் இரண்டாவது ஒயரில் மீட்டருக்கே போய்விடுகிறது. கடையில் இதை விளக்குவார் இல்லை. பெட்டிக்குள் இருக்கும் தாளிலும் தமிழ் இல்லை.

எல்லாம் சரியாகப் பொருத்திய பிறகும், வண்டியை எடுத்த முதல் சில நிமிடங்களுக்கு முள் அசையாமல் இருக்கலாம். பல எஞ்சின்களில் மேல் ஹோஸின் வாயிலேயே தெர்மோஸ்டாட் என்ற வால்வு உட்கார்ந்திருக்கிறது. தண்ணீர் 82 முதல் 88 டிகிரி வரை சூடேறிய பின்புதான் அது திறந்து ஹோஸுக்குள் நீரோட்டத்தை விடும். அதற்குள் ஒருவர், தெர்மோஸ்டாட் அடைத்துக்கொண்டது, நம் ஊர் வெயிலுக்கு அது தேவையே இல்லை, கழற்றிப் போட்டுவிடலாம் என்று சொல்வார். வடசென்னையின் பாதி ஒர்க்‌ஷாப்புகளில் இந்த வாசகத்தைக் கேட்டிருக்கிறேன். கேட்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் உரிய சூட்டுக்கு வராமலே ஓடி, பெட்ரோலைக் குடித்து, உள்ளே தேயும். எஞ்சின் நெடுநேரம் ஓடியும் மேல் ஹோஸ் குளிர்ந்தே இருந்தால் மட்டும் அதைச் சந்தேகியுங்கள். அப்போதும் புதிதாக மாற்றச் சொல்லுங்கள், கழற்றி எறிய விடாதீர்கள். ஃபேனை எப்போதும் ஓடும்படி டைரக்டாக ஒயர் கொடுத்துவிடலாம் என்பவருக்கும் இதே பதில்தான்.

காருக்குள் ஒரு முள் வைப்பதைக்கூட மிச்சம் பிடித்த கம்பெனிகளால் வந்த வினை இது. வெளியே மாட்டியதைத் தொட மாட்டோம் என்று சர்வீஸ் சென்டர் கைவிரிக்கிறது. மாட்டித் தருபவரின் வேலையைச் சரிபார்க்கவும் ஆள் இல்லை. சுமை முழுவதும் வண்டிக்காரரின் தலையில் விழுகிறது.

வேலை முடிந்ததும் போர் தண்ணீரை ஊற்றாதீர்கள். கடலோரமான நம் பகுதியில் அது பெரும்பாலும் உப்பு. ரேடியேட்டரை உள்ளிருந்தே அரித்து அடைத்துவிடும். தண்ணீர் கலக்காத கூலன்ட்டையும் டிஸ்டில்டு வாட்டரையும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றி, காற்றுக்குமிழிகள் முழுவதும் வெளியேறும்வரை எஞ்சினை ஓடவிட்டு மூடுங்கள். மறுநாள் காலை எஞ்சின் ஆறியிருக்கும்போது தண்ணீர் அளவைப் பார்த்து, கிளிப்புகளை இன்னொரு முறை இறுக்குங்கள்.

ஓட்டும்போது 85 முதல் 95 வரை இருந்தால் கவலையில்லை. நெரிசலில் 100-ஐ ஒட்டிப் போய், ஃபேன் ஓடியதும் இறங்கினாலும் கவலையில்லை. 105-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் ஏசியை அணைத்து, ஓரமாக நிறுத்தி, எஞ்சினையும் அணைத்துவிடுங்கள். ஹோஸ் கையால் தொடுமளவுக்கு ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள்.