ஒற்றை நாற்றும் அறுவடை மிஷினும்

கேள்வி: நல்லது என்று தெரிந்தும் மக்கள் ஏன் புதிய முறைகளுக்கு உடனே மாறுவதில்லை? சில விஷயங்கள் மட்டும் யாரும் பிரசாரம் செய்யாமலேயே எப்படிப் பரவிவிடுகின்றன?

எங்களுடையது தஞ்சாவூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். அதனால் வயலை வைத்தே சொல்கிறேன்.

2000-களில் வேளாண் துறையும் கோவை வேளாண் பல்கலைக்கழகமும் ஒற்றை நாற்று நடவை ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். 1980-களில் மடகாஸ்கரில் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் உருவாக்கிய முறை அது. இங்கே செம்மை நெல் சாகுபடி என்றார்கள். பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டையொட்டி ‘ராஜராஜன் 1000’ என்றும் பெயர் வைத்தார்கள். ஏக்கருக்கு 30 கிலோ விதை போட்ட இடத்தில் 3 கிலோ போதும். 14 நாள் நாற்றை, குத்துக்கு (நடும் ஒவ்வொரு இடத்துக்கும்) ஒன்றாக, 25 செ.மீ. இடைவெளியில் சதுரமாக நட வேண்டும். தூர் நன்றாக வெடிக்கும் (ஒரே நாற்று அடியிலிருந்து பலவாகக் கிளைக்கும்), மகசூல் கூடும். மானியம், பயிற்சி, செயல்விளக்கத் திடல் எல்லாம் இருந்தன. எங்கள் பக்கம் இதைக் கேள்விப்படாத விவசாயி இருந்திருக்க முடியாது.

எங்கள் சித்தப்பா ஆர்வமாக ஒரு துண்டு வயலில் போட்டுப் பார்த்தார். நடவு ஆட்கள் வந்து கயிறு பிடித்துக் கொஞ்ச நேரம் நட்டார்கள். அப்புறம் அந்தக் குழுவின் மூத்த அம்மா கரையேறி வந்து சொன்னார்: “ஒண்ணு ஒண்ணா நடணும்னா ஏக்கர் கணக்கு சரிப்படாதுண்ணே, நாள்கூலி பேசுங்க.” நியாயம்தான். கொத்தாக எடுத்து விறுவிறுவென்று நட்டுக்கொண்டே பின்னால் போகிறவர்கள் அவர்கள். ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசிவிட்டு, விரல் நீள நாற்றை வேர் மண்ணோடு ஒவ்வொன்றாக வைத்தால் அன்றைய கூலியில் பாதி போய்விடும். இந்த முறைக்கு மனம் மாற வேண்டியவர் நிலத்துக்காரர் என்று எல்லோரும் நினைத்தார்கள். சித்தப்பா மாறிவிட்டார். ஆனால் குனிந்து நடுவது அவர் இல்லையே!

தண்ணீரிலும் இதே கதைதான். ஆற்றில் எப்போது வரும் என்று தெரியாத கடைமடையில், அதாவது வாய்க்காலின் கடைசிப் பாசனப் பகுதியில், 14-ஆம் நாள் நடு என்றால் எப்படி? நட்ட பிறகு ஐப்பசி மழை அடித்தால் அந்தப் பொடி நாற்று மூழ்கிவிடும். இதையெல்லாம் விவசாயியின் அறியாமைக் கணக்கில் எழுதிவிடுவது சுலபம்.

புதியவை பரவுவதைப் பற்றிய பாடங்கள் பலவும் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் தொடங்குகின்றன. வீரிய மக்காச்சோள விதை அங்கே எப்படிப் பரவியது என்று ரயன், கிராஸ் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் ஆராய்ந்து 1943-இல் வெளியிட்டார்கள். 1928 முதல் 1941 வரையில், பேட்டி கண்ட 259 விவசாயிகளில் இரண்டு பேர் தவிர எல்லோரும் மாறியிருந்தார்கள். முதலில் தகவல் சொன்னவர் பெரும்பாலும் விதை விற்பனையாளர். நம்ப வைத்தவர் பக்கத்து வயல்காரர். இந்தத் துறைக்கே பெயர் வாங்கித் தந்த எவரெட் ரோஜர்ஸ் அதே அயோவாவில் ஒரு விவசாயியின் மகன். அவர் அப்பாவுக்குப் புது இயந்திரம் என்றால் உயிர், வீரிய விதை மட்டும் ஆகாது. 1936 வறட்சியில் தன் சோளம் வாடி, பக்கத்து வயலில் வீரியச் சோளம் நிமிர்ந்து நின்றதைப் பார்த்த பிறகுதான் வழிக்கு வந்தார்.

கடைசியாக மாறும் 16 சதவீதத்தைப் ‘பின்தங்கியவர்கள்’ என்று ரோஜர்ஸ் வகைப்படுத்தியது எனக்கு ஒட்டவில்லை. ஒரே மனிதர் ஒன்றில் முந்துகிறார், இன்னொன்றில் கடைசியில் நிற்கிறார். அவர் அப்பாவே சாட்சி.

சரி, பிரசாரமே இல்லாமல் பரவியது எது? அறுவடை மிஷின். ஊருக்கு ஊர் கூட்டம் போட்டு இதை யாரும் விளக்கவில்லை. சம்பா அறுவடைக்கு வெளியூரிலிருந்து பெல்ட் வண்டி, அதாவது சக்கரத்துக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் அறுவடை மிஷின் வரும், மணிக்கு இவ்வளவு வாடகை என்று புரோக்கர் பேசுவார். சுற்றிலும் நாலு பேர் வண்டி விட்டுவிட்டால் ஐந்தாமவரின் ஒரு துண்டு வயலுக்காக அறுப்பு ஆட்கள் வரமாட்டார்கள். வண்டி பக்கத்து வயலில் நிற்கும்போதே “நம்மளதையும் அறுத்துடுப்பா” என்று சொல்லாவிட்டால், அது அடுத்த ஊருக்குப் போய்விடும். அந்த நேரம் பார்த்து மழை வந்தால் கதிர் சாய்ந்து முளைத்துவிடும். இந்த நிலையில் யோசிக்க என்ன இருக்கிறது?

அப்போதும் தயங்கியவர்கள் மாடு வைத்திருந்தவர்கள். மிஷின் அறுத்தால் வைக்கோல் நொறுங்கிச் சிதறிவிடும், போர் போட முடியாது. வைக்கோலை உருளையாகக் கட்டித் தரும் மிஷின் வந்ததும் அவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அதுவரை அவர்களிடம் இருந்தது பிடிவாதம் இல்லை, மாட்டுக்குத் தீனி என்ற கவலை.

சித்தப்பா இப்போது நடவுக்கும் மிஷின்தான் கூப்பிடுகிறார். வீட்டு வாசலிலேயே, பாய் போல மெல்லிய மண்ணில் வளரும் பாய் நாற்றங்கால் விடுகிறார், பதினைந்து நாளில் சுருட்டி எடுத்து வண்டியில் வைக்கிறார்கள். வரிசை நேராக விழுகிறது. ஒற்றை நாற்று என்று சொல்ல முடியாது, குத்துக்கு மூன்று நான்கு விழும். கயிறு பிடிக்க ஆள் தேட வேண்டியதில்லை.