அட்டையை விடுங்கள், உள்ளே தைத்திருக்கும் லேபிளைப் பாருங்கள்

துணியில் கலந்திருக்கும் பிளாஸ்டிக்கைப் பற்றி ஆசிரியர்கள், பெற்றோர், மாணவர்கள் எழுதிய கடிதங்கள் நிறையச் சேர்ந்துவிட்டன. சுருக்கி, பதில்களுடன் தருகிறேன்.

“நீங்கள் போட்டிருப்பது பிளாஸ்டிக்” என்று சொன்னால் 13 வயதுப் பிள்ளைகள் நம்ப மறுத்துச் சிரிக்கிறார்கள். எனக்குக் கிடைப்பது ஒரே ஒரு பாடவேளை. எதிலிருந்து தொடங்கட்டும்? – ஓர் ஆசிரியை

பேச்சைக் குறைத்து, கையில் துணியைக் கொடுங்கள். ஆளுக்கொரு பழைய உடையைக் கொண்டுவரச் சொல்லி, உள்பக்கத் தையலில் இருக்கும் லேபிளை உரக்கப் படிக்க வையுங்கள். பருத்தி, லினன், கம்பளி, பட்டு ஆகியவற்றைக் கரும்பலகையில் ஒரு பக்கம் எழுதுங்கள். பிளாஸ்டிக் இழைகளான பாலியஸ்டர், நைலான், அக்ரிலிக், இழுத்தால் நீளும் எலாஸ்டேன் ஆகியவை மறுபக்கம். விஸ்கோஸ், ரேயான், மோடால் மூன்றும் நடுவில் வரட்டும். இவை மரக்கூழிலிருந்து வருபவை, பிளாஸ்டிக் இல்லை. ஆனால் செய்முறையில் ரசாயனம் அதிகம். பெரும்பாலும் இரண்டாவது பட்டியல்தான் நீளும். உலகில் தயாராகும் இழைகளில் பாதிக்கு மேல் பாலியஸ்டர் மட்டுமே. குடிநீர் பாட்டிலும் அதே பொருள்தான். அதை இழையாக்கும் வழியை 1941-ல் பிரிட்டனில் வின்ஃபீல்ட், டிக்சன் என்ற இரு வேதியியலாளர்கள் கண்டுபிடித்தார்கள்.

அப்புறம் நெருப்புச் சோதனை. அதை நீங்கள் செய்யுங்கள், பிள்ளைகள் தள்ளி நின்று பார்க்கட்டும். தையலின் உள்ளிருந்து நாலைந்து நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, உலோகத் தட்டின் மேல் கொளுத்துங்கள். பருத்தி நூல் காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து, தொட்டால் பொடியாகும் சாம்பலாகும். கம்பளியில் முடி கருகும் நாற்றம் வரும். பாலியஸ்டர் தீயைக் கண்டதும் சுருண்டு உருகும். ஆறிய பிறகு நகத்தால் அழுத்தினாலும் நசுங்காத கறுப்பு மணியாக நிற்கும். ஆறிய மணியைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். உருகும் சொட்டு தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும், அதில் மட்டும் கவனம்.

சாட்டின் டாப் ஒன்று வாங்கினேன். பட்டு மாதிரி வழவழவென்று இருக்கிறது. இயற்கைத் துணிதானே? – ஒரு மாணவி

சாட்டின் என்பது நெசவு வகை. பட்டிலும் நெய்யலாம், பாலியஸ்டரிலும் நெய்யலாம். லேபிளில் என்ன போட்டிருக்கிறது?

என் மகள் வாரம் ஒரு டாப் ஆன்லைனில் வாங்குகிறாள். இரண்டு தடவை போட்டதும் அலமாரிக்குள் போய்விடுகிறது. திட்டினால் “எல்லாரும் வாங்குறாங்க” என்கிறாள். – கல்லூரி மாணவியின் தாய்

திட்டாதீர்கள். “இன்னும் மூன்றுதான் பாக்கி”, “இன்னும் பத்து நிமிடத்தில் சலுகை முடிகிறது” என்று அவள் கைப்பேசியில் ஓடும் ஒவ்வொரு வரியையும் சம்பளம் வாங்கிக்கொண்டு எழுதும் ஆட்கள் இருக்கிறார்கள். ஒரு பெண் தனியாக அதை எதிர்த்து நிற்பது சுலபமா? என் கோபமெல்லாம் அவர்கள் மேல்தான்.

ஒரு நாள் இருவரும் உட்கார்ந்து அலமாரியைக் காலி செய்யுங்கள். ஒவ்வொரு உடையின் விலையையும் அவள் அதைப் போட்ட தடவைகளால் வகுத்துப் பார்க்கட்டும். கணக்கை அவளே போட வேண்டும், நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. விலை மலிந்த டாப்தான் ஒரு தடவைக்கு அதிகம் செலவு வைத்திருப்பதை அவளே காண்பாள். பட்டன் தைக்கவும் பிரிந்த தையலை மூட்டவும் தெரியாவிட்டால் அன்றைக்கே கற்றுக்கொடுங்கள். சின்னக் கிழிசலுக்காகத் தூக்கிப் போடுவது பாதி குறையும்.

படத்தைப் பார்த்துத் தோல் ஜாக்கெட் என்று வாங்கினேன். விவரங்களைப் படிக்கவில்லை. ஒரே வருடத்தில் செதில் செதிலாக உரிகிறது. லேபிளை வெட்டிப் போட்டுவிட்டேன், பில்லும் இல்லை. பணம் திரும்பக் கிடைக்குமா?

கிடைக்காது. துணியின் மேல் பூசிய பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் அது. காற்றின் ஈரம் பட்டுப் பட்டுச் சிதைந்து உரியும். விவரம் அங்கேயே எழுதியிருந்திருக்கும். படிக்காமல், பில்லும் வைத்துக்கொள்ளாமல் வந்தால் யாரிடம் போய் நான் வாதாடுவது?

“மூங்கில் துணி, ரசாயனமே கிடையாது” என்று சொல்லி இருமடங்கு விலைக்குப் படுக்கை விரிப்பு விற்றார்கள். மகனின் பள்ளிச் செயல்திட்டத்துக்காக லேபிளைப் பார்த்தபோது “ரேயான்” என்று இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?

ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள். குற்றம் உங்களுடையது இல்லை. மூங்கிலைக் கூழாக்கி ரசாயனத்தில் கரைத்து எடுக்கும் ரேயான் அது. வழக்கமான முறையில் கார்பன் டைசல்ஃபைடு என்ற நச்சு சேர்கிறது. ஆலைத் தொழிலாளர்களின் நரம்பையே கெடுக்கக்கூடியது. ரேயானை மூங்கில் துணி என்று விற்றதற்காக, அமெரிக்காவில் வணிகத்தைக் கண்காணிக்கும் அரசு ஆணையம் 2022-ல் வால்மார்ட், கோல்ஸ் ஆகிய இரு நிறுவனங்கள் மேல் நடவடிக்கை எடுத்தது. இரண்டும் சேர்ந்து 55 லட்சம் டாலர் கட்ட வேண்டி வந்தது.

விளம்பரம், அட்டை, லேபிள், பில் நான்கையும் இன்றே படமெடுத்து வையுங்கள். சொன்னது ஒன்று, கொடுத்தது வேறு என்று எழுத்தில் புகார் கொடுத்து முழுப் பணத்தையும் கேளுங்கள். மறுத்தால் நுகர்வோர் குறைதீர் அமைப்புக்குப் போங்கள். “சுத்தக் கம்பளி” என்று எனக்கு ஒரு கடையில் விற்ற சால்வையின் ஓர நூலைக் கொளுத்தினேன், உருகி உருண்டது. விற்றவர் வாயால் சொன்னதோடு சரி, பில்லில் எழுதித் தரவில்லை. ஒரு காசு திரும்பவில்லை. உங்களிடம் லேபிள் இருக்கிறது, விடாதீர்கள்.

பள்ளிச் சுற்றுச்சூழல் மன்ற விழாவுக்குப் பழைய பிளாஸ்டிக் பாட்டில்களிலிருந்து செய்த டி-ஷர்ட் வாங்க நினைக்கிறோம். விழாப் பெயரும் தேதியும் அச்சிடுவோம். நல்ல யோசனைதானே? – மாணவர் குழு

உங்கள் அக்கறை எனக்குப் பிடித்திருக்கிறது. அதனால்தான் விரிவாகவே மறுக்கிறேன்.

மறுசுழற்சி பாலியஸ்டர் என்றதும் பழைய துணி புதுத் துணியாகிறது என்று நினைக்கிறோம். அதில் ஏறக்குறைய எல்லாமே பாட்டிலிலிருந்து வருகிறது. பாட்டிலை மறுபடி பாட்டிலாக்கலாம், அதையும் மறுபடி பாட்டிலாக்கலாம். டி-ஷர்ட் ஆக்கிவிட்டால் சாயம், பருத்திக் கலப்பு, எலாஸ்டேன் எல்லாம் சேர்ந்து திரும்பும் வழி அநேகமாக அடைபட்டுவிடும். உடைகளுக்காகச் செலவாகும் பொருளில் மீண்டும் புது உடையாவது 1 சதவீதத்துக்கும் குறைவு என்று எலன் மெக்ஆர்தர் அறக்கட்டளை 2017-ல் கணக்கிட்டது. பாட்டிலைக் காப்பாற்றுவதாகச் சொல்லிக் குப்பைக்குப் போகும் பாதையில் ஏற்றிவிடுகிறார்கள்.

இழை உதிர்வதும் நிற்காது. 6 கிலோ அக்ரிலிக் துணியை ஒருமுறை துவைத்தால் 7 லட்சத்துக்கு மேல் நுண்ணிழைகள் வெளியேறலாம் என்று பிரிட்டனின் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் மதிப்பிட்டார்கள். பாலியஸ்டரும் உதிரும், பாட்டிலிலிருந்து வந்ததாலேயே அது உதிராமல் இருந்துவிடாது. பச்சை இலை போட்ட அட்டை முன்னால் தொங்க, “30 சதவீதம் மறுசுழற்சி” என்று பெரிய எழுத்தில் இருக்கும். மீதி 70 என்ன என்பது விலாப்பக்கத் தையலில், கண்ணைச் சுருக்கினால்தான் தெரியும் எழுத்தில் இருக்கும். படிக்கக் கூடாது என்றே அப்படி அச்சிடுகிறார்கள் என்பது என் தீர்மானமான எண்ணம். பாதிக்கு மேல் செயற்கை இழை உள்ள உடை துவைக்கும்போது நுண்பிளாஸ்டிக் இழைகளை வெளியேற்றும் என்பதைப் பெரிய நிறுவனங்கள் வாங்குபவரிடம் சொல்லியாக வேண்டும் என்று பிரான்ஸ் 2022-ல் ஆணையிட்டது. எல்லா நாட்டிலும் அது வர வேண்டும். உங்கள் மன்றம் கேட்க வேண்டியது இதைத்தான்.

தேதி அச்சிட்ட டி-ஷர்ட்டை மறுநாள் யார் போடுவார்கள்? இருக்கிற சட்டையோடு வாருங்கள். பழைய துணியில் வெட்டிய ஒரு சின்னத்தைக் குத்திக்கொண்டால் போதும்.

அப்படியானால் வீட்டிலிருக்கும் பாலியஸ்டரையெல்லாம் எறிந்துவிடலாமா?

கூடாது. எறிந்தால் குப்பை, அதற்குப் பதிலாக வாங்கினால் இன்னொரு உற்பத்தி. கிழியும்வரை போடுங்கள். அழுக்கானால் மட்டும், குளிர்ந்த நீரில், டிரம் நிறைய, குறைந்த நேரம் துவையுங்கள். சலவை இயந்திரத்தில் மென்மையான துணிக்கென்று இருக்கும் ‘டெலிகேட்’ சுற்றில் தண்ணீர் அதிகம் ஓடுவதால் இழை கூடுதலாக உதிர்கிறது. வடிகட்டியில் சேரும் பஞ்சைக் குழாயடியில் கழுவாமல் வழித்துக் குப்பையில் போடுங்கள்.

ஓட்டப் பயிற்சிக்குக்கூடப் பருத்திதான் போட வேண்டும் என்கிறார் எங்கள் ஆசிரியர். வியர்வையில் நனைந்து கனக்கிறது. – ஒரு மாணவன்

ஓட்டத்துக்கும் நீச்சலுக்கும் மழைக்கும் செயற்கை இழையால் உண்மையிலேயே பயன் உண்டு. பாலியஸ்டரே போட்டு ஓடு தம்பி. மாற்றிக்கொள்ள இரண்டு போதும்.