சுருட்டுப் பெட்டிக்கு நெடி அடிக்காத சீலன்ட் எது? கேள்வி பதில்

கேள்வி: ஹியூமிடார் (சுருட்டு காயாமல் ஈரப்பதத்தோடு வைக்கும் பெட்டி) ஒன்று நானே செய்கிறேன். மூலைகளை அடைக்க வாசனையே இல்லாத சீலன்ட் எது?

பூசும்போதே நெடி இல்லாத சீலன்டைத் தேடினால் கிடைப்பது கடினம். காய்ந்த பிறகு வாடை மிஞ்சாதது போதும். அதற்கு 100% சிலிகான் நல்ல தேர்வு. டியூபில் 'பூஞ்சணத் தடுப்பு' என்று போட்டிருந்தால் மட்டும் வேண்டாம். அதில் கிருமிக்கொல்லி சேர்த்திருப்பார்கள். குளியலறைக்கென்று விற்கும் சிலிகான் பெரும்பாலும் அந்த வகைதான்.

கேள்வி: மீன் தொட்டிக்கான சிலிகான் வாங்கினேன். வினிகர் நாற்றம் தாங்கவில்லை. தவறான பொருளா, சார்?

சரியான பொருள்தான், பொறுமைதான் வேண்டும். அது இறுகும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும் வகை. முழுதாக இறுகியதும் நெடி நின்றுவிடும். காற்றிலுள்ள ஈரத்தை வாங்கித்தான் சிலிகான் இறுகும், அதுவும் மேலிருந்து உள்ளே, நாளுக்குச் சுமார் 2 முதல் 3 மில்லிமீட்டர். மேல்தோல் அரை மணிக்குள் காய்ந்துவிடுவதால்தான் பலரும் ஏமாறுகிறோம். நானும் ஏமாந்தவன். நான்காம் நாளே சுருட்டுகளை அடுக்கிவிட்டு, பற்ற வைத்தபோது காடி வாடையைத்தான் இழுத்தேன். மெல்லிய கோடாகப் பூசி, மூடியைத் திறந்தே வைத்து, இரண்டு வாரம் விடுங்கள். மூடி வைத்தால் ஈரமும் உள்ளே போகாது, நெடியும் வெளியே போகாது.

இன்னொன்று: அந்த அமிலம் பித்தளையையும் செம்பையும் அரிக்கும். கீல் பித்தளையா? அப்படியானால் அசிட்டிக் அமிலம் வெளிவிடாத நியூட்ரல் சிலிகான் வாங்குங்கள். அதிலும் ஆல்காக்ஸி வகைக்கு நெடி குறைவு. ஆக்ஸைம் வகைக்குக் கொஞ்சம் பெயின்ட் வாடை உண்டு.

கேள்வி: உள்பக்கம் முழுக்க வார்னிஷ் அடித்துவிட்டால் சீலன்டே வேண்டாமல்லவா?

ஐயோ, வேண்டாம். உள்ளே இருக்கும் ஸ்பானிஷ் சிடார் ஈரத்தை வாங்கி, தேவைப்படும்போது திருப்பிக் கொடுக்க வேண்டும். 65 முதல் 70% வரை ஈரப்பதம் ஆடாமல் நிற்பதற்கு அந்த மரமும் ஒரு காரணம். (பெயரில்தான் சிடார், உண்மையில் வேம்பின் குடும்பம்.) பாலியூரித்தேன் வார்னிஷ் வெளிப்பக்கத்துக்கு மட்டும்.

கேள்வி: என் பெட்டி பிளைவுட். அதன் பசை வாடை அடிக்கிறதே?

இங்கேதான் அரக்கு (ஷெல்லாக்) கைகொடுக்கும். மெழுகு நீக்கிய ஷெல்லாக்கை ஆல்கஹாலில் கரைத்து, பிளைவுட்டின் உள்முகத்தில் இரண்டு மூன்று கை பூசுங்கள். ஆல்கஹால் சீக்கிரம் பறந்துவிடும். அப்புறம் அதன் மேல் சிடார் பலகையைப் பதியுங்கள். தண்ணீர் நேரடியாகப் பட்டால் ஷெல்லாக் வெளுக்கும், அதனால் பெட்டிக்கு ஈரம் தர உள்ளே வைக்கும் பஞ்சு சொட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மூட்டுகளையும் சிலிகானால் ஒட்டலாமா?

வேண்டாம். மூட்டுக்குத் தச்சர் பயன்படுத்தும் வெள்ளைப் பசை போதும், காய்ந்தால் வாடை இருக்காது. சிலிகான் பட்ட இடத்தில் பிறகு பசையும் ஒட்டாது, பெயின்டும் ஒட்டாது. கண்ணாடி மூடியைப் பதிக்கவும் இடைவெளி அடைக்கவும் மட்டும் சிலிகான். எங்கே இடைவெளி என்று தெரிய, டார்ச்சை எரியவிட்டு உள்ளே வைத்து மூடி, அறையை இருட்டாக்கிப் பாருங்கள். வெளிச்சம் கசியும் இடத்தை மட்டும் அடைத்தால் போதும். சீலன்ட் குறைந்தால் வாடையும் குறையும்.

கேள்வி: வாடை போய்விட்டதா என்று எப்படி உறுதி செய்வது, அண்ணா?

பெட்டியில் பூசும் அன்றே ஒரு துண்டு மரத்திலும் அதே கனத்துக்குப் பூசி வையுங்கள். இரண்டு வாரம் கழித்து அதைக் கண்ணாடி ஜாடியில் போட்டு மூடி, இரண்டு நாள் விட்டுத் திறந்து முகருங்கள். நீங்கள் முகர்வதைவிட வீட்டில் வேறு யாரையாவது முகரச் சொல்லுங்கள். உங்கள் மூக்கு அதற்குப் பழகியிருக்கும். அதிலும் தேறினால், விலை குறைந்த சுருட்டு ஒன்றைப் பெட்டியில் ஒரு வாரம் வைத்துப் பிடித்துப் பாருங்கள்.

கேள்வி: ஏற்கெனவே அடுக்கிவிட்டேன், நெடி ஏறிவிட்டது. இனி என்ன செய்ய?

முதலில் சுருட்டுகளை வேறு பெட்டிக்கு மாற்றுங்கள். காலிப் பெட்டியைத் திறந்து காற்றாட விடுங்கள். ஒரு மாதமாகியும் வாடை போகவில்லையென்றால் பிளேடால் சிலிகானைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிய டியூபில் மறுபடி பூசுங்கள். காலாவதியான சிலிகான் எத்தனை நாள் ஆனாலும் பிசுபிசுப்பாகவே கிடக்கும், வாங்கும்போதே டியூபில் தேதியைப் பாருங்கள்.