பழைய ஸ்போர்ட்ஸ் காரின் பின் ஸ்பொய்லர் சீலை நாமே மாற்றலாமா?

மாற்றலாம். ஸ்பொய்லர் என்பது டிக்கி மூடியின் மேல் நிற்கும் இறக்கை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும், பெயின்ட் காய இன்னொரு நாள். ஆனால் டொயோட்டா எம்.ஆர்.2, டிக்கிக்குள் தண்ணீர், டிக்கி பீடிங் (மூடியைச் சுற்றி வரும் றப்பர் பட்டி) புதிதாகப் போட்டும் நிற்கவில்லை என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு மாரி முழுக்க நானும் இதே கூத்துத்தான் ஆடினேன்.

எங்கள் வீட்டில் நிற்பது சித்தப்பாவின் 1986ஆம் ஆண்டு எம்.ஆர்.2. 1984இல் வந்த முதல் வகை, இருக்கைக்குப் பின்னால் எஞ்சின், அதற்கும் பின்னால் டிக்கி. 2020இல் இலங்கையில் வாகன இறக்குமதி நின்றபோது, விற்க இருந்தவர் “இனி யாருக்கடா இப்படி ஒன்று கிடைக்கப்போகுது” என்று சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டார். ஓடுவது அவர், கழுவித் துடைப்பது நான்.

முதலில் தண்ணீர் எங்கால் வருகிறது என்று பிடியுங்கள். ஹோஸ் பைப்பால் அடித்தால் எல்லாப் பக்கமும் நனைந்து ஒன்றும் விளங்காது. நான் டிக்கிக்குள் பத்திரிகைத் தாள் விரித்து, மூடியின் உட்பக்கம் முகப்பவுடர் தூவி, மூடிவிட்டுக் கேத்தலால் ஸ்பொய்லரின் கால்களுக்கு மட்டும் மெல்ல ஊற்றினேன். பத்து நிமிடம் கழித்துத் திறந்தால், இடது பக்க நட்டிலிருந்து பவுடரில் ஒரு கோடு இறங்கியிருந்தது. கோட்டின் நுனியில் தேத்தண்ணி நிறத்தில் ஒரு துளி. பீடிங்குக்குக் கொடுத்த காசு வீண் என்று அப்போதுதான் தெரிந்தது.

ஸ்பொய்லரின் காலுக்கும் மூடித் தகட்டுக்கும் இடையில் இருக்கும் மெல்லிய றப்பர் துண்டுதான் சீல். முன்னால் எஞ்சின் சூடு, மேலே கச்சான் காலத்து வெயில். காய்ந்து கல்லாகிவிட்டால், காலுக்கு அடியில் தேங்கும் தண்ணீர் போல்ட்டைப் பிடித்துக்கொண்டு ஓட்டை வழியே உள்ளே இறங்கும். திருகோணமலையில் அதோடு உப்பும் சேரும். உவர்மலையில் எங்கள் வீட்டு யன்னல் கம்பியே இரண்டு வருடத்தில் கறள் பிடிக்கிறது, இந்தத் தகட்டைப் பற்றிச் சொல்லவா வேண்டும்.

கழற்றும்போது நட்டுகளுக்கு முதல் நாள் இரவே கறள் இளக்கும் எண்ணெய் விடுங்கள். நான் அவசரப்பட்டதில், பிளாஸ்டிக்குக்குள் பதிந்திருந்த ஒரு போல்ட் நட்டோடு சேர்ந்து சுழன்றது. அதைத் திரும்ப எபொக்ஸி வைத்து இறுக்க அரை நாள் போனது. நட்டு கழன்றாலும் ஸ்பொய்லர் அசையாது, பழைய பசை விடாது. ஸ்குரூடிரைவரால் நெம்பாதீர்கள், பெயின்ட் உரிந்துவிடும். வலைச்சாமான் கடையில் தங்கூசி (மீன்பிடிக்கும் நைலோன் நூல்) இரண்டு முழம் வாங்கி, இரண்டு நுனியிலும் குச்சி கட்டி, காலுக்கு அடியில் விட்டு வாளால் அறுப்பதுபோல் இழுங்கள். மத்தியானம் இரண்டு மணிக்குச் செய்தால் பசை தானாக இளகியிருக்கும், ஹீட் கன் தேவையில்லை. சுற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள்.

எங்கள் ஸ்பொய்லரின் காலுக்கு அடியில் வெள்ளை சிலிக்கன் ஒரு கட்டி கிடந்தது. முன்பு ஏதோ ஒரு கராஜில் குளியலறைக்குப் பூசுவதை அப்பியிருக்கிறார்கள். பூசும்போது வினாகிரி மணக்கும் அந்த வகை காயும்போது அசற்றிக் அமிலத்தை விடும், வெறும் இரும்பில் பட்டால் அதுவே அரிக்கும். அதன் கீழே தகடு செங்கல் நிறத்தில் பொருக்கு விட்டிருந்தது. ஓட்டையைச் சுற்றி வெள்ளைத் தகடு தெரியும்வரை தேய்த்து, சிங்க் பிரைமர், மேலே பெயின்ட், ஒரு நாள் காயவிடுங்கள். பசையை மண்ணெண்ணெயால் துடைத்துவிட்டுச் சவர்க்காரத் தண்ணீரால் கழுவுங்கள். தின்னர் வேண்டாம், பழைய பெயின்ட்டைக் கரைத்துவிடும்.

இனி சீல். கொழும்பில் வாகன உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் விசாரித்தோம், இந்த மொடலுக்கு என்று ஒன்றும் அகப்படவில்லை. பழைய துண்டை அட்டையில் வைத்துக் கோடிழுத்து, 3 மில்லிமீற்றர் ஈ.பி.டி.எம். (வெயிலும் மழையும் தாங்கும் வகை) றப்பர் ஷீட்டில் வெட்டினேன். செருப்புக்குப் போடும் ஸ்பொஞ்ச் வேண்டவே வேண்டாம். சந்தேகமென்றால் ஒரு துண்டைத் தண்ணீருக்குள் அமத்தி எடுத்துப் பிழியுங்கள், தண்ணீர் வந்தால் எறியுங்கள். போல்ட் ஓட்டையைப் போல்ட்டை விடக் கொஞ்சம் சின்னதாகக் குத்தி, போல்ட்டின் அடியில் பியூட்டைல் டேப்பை (பிசுபிசுப்பான றப்பர் பட்டி) ஒரு சுற்றுச் சுற்றினால் போதும்.

நட்டுகளை மாறி மாறி, கை பலத்தோடு மட்டும் இறுக்குங்கள். றப்பர் ஓரத்தில் இலேசாகப் பிதுங்கியதும் நிறுத்திவிட வேண்டும், மேலே போனால் தகடு குழியும், ஸ்பொய்லர் வெடிக்கும். ஒரு கிழமை ஓடிவிட்டு மீண்டும் ஒருமுறை பாருங்கள், எங்களுக்கு நட்டு இன்னும் காற்சுற்று வரை இறுகியது. மூடியின் கீழ் ஓரத்தில் தண்ணீர் வடியும் துளைகள் அடைபட்டிருந்தால் ஈர்க்கால் குத்திவிடுங்கள்.

கார்த்திகை மழை மூன்று நாள் விடாமல் கொட்டியது. நான்காம் நாள் டிக்கியைத் திறந்தால் பத்திரிகைத் தாள் மொறுமொறு என்று அப்படியே கிடந்தது. வலது மூலையில் மட்டும் ஒரு ரூபாய்க் குற்றி அளவு ஈரம். அது பின் லைட்டின் சீல், அந்தக் கதை வேறு.