குண்டைத் தொடாதீர்கள், கிளாண்டைப் பாருங்கள்

கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்:

"அண்ணாச்சி, எங்கள் தாத்தா நடத்திய அரிசி ஆலையில் ஒரு சின்ன நீராவி எஞ்சின் இருக்கிறது. பல வருஷமாகச் சும்மா கிடந்ததை இப்போது துடைத்து, எண்ணெய் போட்டு, பாய்லர் இல்லாததால் கம்ப்ரஸர் காற்றில் ஓட்டிப் பார்த்தோம். ஓடுகிறது. ஆனால் வேகம் ஒரு நிலையில் நிற்கவில்லை. விர்ரென்று ஏறுகிறது, உடனே செத்துப்போகிற மாதிரி இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. மேலே இரண்டு இரும்புக் குண்டுகள் சுற்றுகின்றன, நடுவில் குடம் மாதிரி ஒரு பெரிய எடை. குண்டுகளில் இன்னும் கொஞ்சம் எடை கட்டினால் நின்றுவிடும் என்கிறார் ஒரு மெக்கானிக். பேசாமல் அதைக் கழற்றிவிட்டு ஓட்டலாம் என்கிறார் இன்னொருவர். என்ன செய்வது?"

தம்பி, இரண்டையும் செய்யாதீர்கள். தாத்தாவின் எஞ்சினைத் தூக்கி எடைக்குப் போடாமல் ஓட்டிப் பார்க்க நினைத்தீர்களே, அதற்கே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். உங்கள் எஞ்சினில் கோளாறு பெரும்பாலும் குண்டுகளில் இருக்காது. அதற்குக் கீழே, வால்வுக்குள் போகிற ஒரு மெல்லிய கம்பியில் இருக்கும். ஏன் என்று புரிய, முதலில் அந்தக் குண்டுகள் என்ன வேலை செய்கின்றன என்று பார்த்துவிடலாம்.

ஆனித் திருவிழா சமயத்தில் நெல்லைப் பொருட்காட்சியில் சங்கிலியில் நாற்காலி தொங்கும் ராட்டினம் பார்த்திருப்பீர்கள். சுற்றச் சுற்ற நாற்காலிகள் வெளியே விரிந்து மேலே போகும். வேகம் குறைந்தால் தாழும். அதேதான் இது. இந்தக் குண்டு அமைப்புக்குக் கவர்னர் என்று பெயர். எஞ்சின் தண்டிலிருந்து ஒரு பெல்ட் அதைச் சுழற்றுகிறது. வேகம் கூடினால் குண்டுகள் விரிந்து உயர்கின்றன. அவற்றோடு சேர்ந்து நடுத்தண்டில் ஒரு வளையம் ஏறுகிறது. வளையம் ஒரு லிவரைத் தள்ளுகிறது, லிவர் நீராவி வரும் குழாயில் உள்ள வால்வைக் கொஞ்சம் மூடுகிறது. நீராவி குறைந்ததும் வேகம் தணிகிறது, குண்டுகள் தாழ்கின்றன, வால்வு திறக்கிறது. நெல் அதிகமாக விழுந்து, உமி நீக்கும் ஹல்லர் திணறினாலும், நெல்லே விழாமல் வெறுமனே சுற்றினாலும், ஆள் கை வைக்காமலே நீராவி அதற்கேற்ற அளவில் போகும்.

பெரிய சக்கரம் இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பார்கள். போதாது. ஃப்ளைவீல் ஒரு சுற்றுக்குள் வரும் குலுக்கலைத்தான் சமன் செய்யும். சுமை மாறி அப்படியே நீடித்தால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. வேகம் மெல்ல ஏறிக்கொண்டோ இறங்கிக்கொண்டோதான் போகும்.

இந்தக் குண்டுகள் பிறந்ததே தானியம் அரைக்கிற இடத்தில்தான் என்பது எனக்கு எப்போதும் பிடித்த சங்கதி. இங்கிலாந்தில் காற்றாலைகளில் மாவு அரைக்கும் கல்லுக்கு இடையே உள்ள இடைவெளியைச் சரிசெய்ய இப்படி ஒரு குண்டு அமைப்பு ஏற்கெனவே இருந்தது. லண்டனில் ஆல்பியன் மாவு ஆலையில் அதைப் பார்த்த போல்ட்டன், தன் கூட்டாளி ஜேம்ஸ் வாட்டுக்குச் சொன்னார். வாட் 1788இல் அதை நீராவி எஞ்சினுக்குக் கொண்டுவந்தார். புதிதாகக் கண்டுபிடித்ததாக அவர் சொல்லிக்கொள்ளவும் இல்லை, காப்புரிமை வாங்கவும் இல்லை. தானிய ஆலையில் பிறந்தது சுற்றிச் சுற்றி உங்கள் தாத்தாவின் அரிசி ஆலைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

நம் பக்கத்தில் இதன் அருமை பஞ்சாலைக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். 1880களில் விக்கிரமசிங்கபுரத்தில் பாபநாசம் தண்ணீரின் விசையை நம்பித் தொடங்கிய ஆலையானாலும் சரி, வேறு ஊர்களில் நிலக்கரி எரித்து ஓட்டிய ஆலையானாலும் சரி, வேகம் குதித்தால் நூல் அறும். நெல் குத்துவதில் அவ்வளவு கண்டிப்பு இல்லை, ஆனால் குருணை கூடும். செங்கோட்டைப் பாதையில் ஓடிய நீராவி ரயில் எஞ்சினில் மட்டும் இந்தக் குண்டுகள் கிடையாது. அங்கே டிரைவர் கையே கவர்னர்.

சரி, எடை கட்டலாமா என்ற கேள்விக்கு வருவோம். அந்த ராட்டினத்தை மறுபடி நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாற்காலியில் சின்னப் பையன், அடுத்ததில் கனத்த ஆள். இரண்டும் ஒரே அளவுதான் விரியும். நடுவில் குடம் இல்லாத வாட் கவர்னரில் குண்டின் எடைக்கு வேகத்தோடு சம்பந்தமே இல்லை. குண்டுகளின் மட்டத்துக்கும் அவை தொங்கும் கைகள் மேலே சேரும் புள்ளிக்கும் உள்ள உயரத்தை வேகம் மட்டுமே தீர்மானிக்கிறது. நிமிடத்துக்கு 60 சுற்றில் அந்த உயரம் ஏறக்குறைய 25 செ.மீ. வேகம் பத்தில் ஒரு பங்கு கூடினால் அது இருபதரை ஆகும். நாலு செ.மீ.க்கு மேல் நகர்கிறது, வால்வை ஆட்ட அது போதும். ஆனால் 200 சுற்றில் மொத்த உயரமே 2.2 செ.மீ.தான். அங்கே வேகம் பத்தில் ஒரு பங்கு கூடினால் 4 மில்லிமீட்டர்கூட நகராது. வேகமான எஞ்சினுக்கு வாட்டின் வடிவம் உதவாமல் போனது இதனால்தான்.

1858 வாக்கில் சார்லஸ் போர்ட்டர் என்ற அமெரிக்கர் நடுவில் ஒரு பெரிய எடையை ஏற்றினார். நீங்கள் சொல்லும் குடம் அதுதான். உங்களிடம் இருப்பது போர்ட்டர் கவர்னர். குடம் கீழே இழுக்கிறது, அதையும் தூக்கிக்கொண்டு குண்டுகள் மேலே போக வேண்டும். அதனால் அதே உயரத்துக்கு அதிக வேகம் வேண்டியிருக்கிறது. குடம் ஒரு குண்டைப் போல ஒன்பது மடங்கு கனம், குண்டுகளுக்கு மேலே இரண்டு, கீழே இரண்டு என்று கைகள் நான்கும் ஒரே நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 200 சுற்றில் உயரம் 2.2 செ.மீ.க்குப் பதில் 22 செ.மீ. ஆகிவிடும். வேகமாகச் சுற்றும்போதும் நன்றாக நகரும்.

இப்போது அந்த மெக்கானிக் சொன்னபடி குண்டின் எடையை இரட்டிப்பாக்கினால் என்ன ஆகும்? குடத்தின் பலம் குண்டுக்கு எதிரே பாதியாகிவிடும். 200 சுற்றில் நின்ற கவர்னர் 150க்கும் கீழேயே வால்வை மூடத் தொடங்கும். அதாவது எஞ்சின் மெதுவாக ஓடும், ஏற்ற இறக்கம் அப்படியே இருக்கும். குடத்தில் எடை சேர்த்தால் நேர்மாறு: எஞ்சினின் வேகம் கூடும். பழைய சக்கரத்தை வைத்துக்கொண்டு அந்த விளையாட்டு வேண்டவே வேண்டாம்.

ஏறி இறங்குவதன் காரணம் வேறு. கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் இருக்கிறீர்கள், உங்களுக்குச் சொல்வது எளிது. கடைமடையில் தண்ணீர் வரவில்லை என்று சத்தம் போடுகிறார்கள். தலைமடையில் இருப்பவர் பலகையைத் தூக்குகிறார். தண்ணீர் போய்ச் சேர நேரமாகிறது. இன்னும் வரவில்லை என்று மறுபடி குரல் வர, இன்னும் தூக்குகிறார். கடைசியில் எல்லாம் சேர்ந்து போய் வரப்பு உடைகிறது. உடனே முழுக்க மூடுகிறார், அரை நாளில் வயல் காய்கிறது. ஆள் சோம்பேறி இல்லை. செய்தி தாமதமாக வருகிறது, கை அதிகமாக அசைகிறது. கவர்னரிலும் இதேதான். இந்த ஆட்டம் எப்போது தானாக அடங்கும், எப்போது வளர்ந்துகொண்டே போகும் என்று 1868இல் மாக்ஸ்வெல் கணக்குப் போட்டு எழுதினார். மின்காந்த அலைகளுக்குச் சமன்பாடு தந்த அதே மாக்ஸ்வெல்தான்.

உங்கள் எஞ்சினில் தாமதத்தை உண்டாக்குவது உராய்வு என்று நினைக்கிறேன். வால்வுக் கம்பி வெளியே வரும் இடத்தில் கிளாண்டு என்று ஒரு கழுத்து இருக்கும், ஆவி கசியாமல் இருக்க அதற்குள் பேக்கிங் கயிறு திணித்திருப்பார்கள். இத்தனை வருஷத்தில் அது கல்லாகியிருக்கும். வேகம் கூடுகிறது, குண்டு தூக்கப் பார்க்கிறது, கம்பி அசையவில்லை. வேகம் இன்னும் கூடுகிறது, சட்டென்று பிடி விட்டு வால்வு தேவைக்கு மேல் மூடிக்கொள்கிறது. வேகம் விழுகிறது, மறுபடி ஒட்டிக்கொள்கிறது. நீங்கள் எழுதியிருக்கும் 'செத்துப்போகிற மாதிரி' என்பது இதுதான்.

நான் வேலை பழகிய காலத்தில் இதே தப்பைச் செய்திருக்கிறேன். கிளாண்டில் ஆவி கசிகிறதே என்று ஸ்பேனர் போட்டு இறுக்கினேன். கசிவு நின்றது, எஞ்சின் ஆடத் தொடங்கியது. மேஸ்திரி ஒன்றும் திட்டவில்லை. எஞ்சினை நிறுத்தி, லிவரின் பின்னைக் கழற்றி, என் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் பிடித்து அந்தக் கம்பியில் வைத்தார். அசைத்துப் பார்த்தேன், வரவில்லை. நட்டை அரைச் சுற்று தளர்த்தினார். வெண்ணெயில் இழுப்பது போல வந்தது, கூடவே ஒரு நூலளவு ஆவி. "அந்த நூல் இருக்கட்டும்லே" என்றார். இத்தனை வருஷம் கழித்தும் கிளாண்டைத் தொடும்போதெல்லாம் விரலில் அந்த வழுக்கல் நினைவுக்கு வருகிறது.

நீங்களும் அதையே செய்யுங்கள். காற்றை முழுக்க அடைத்து, குழாயில் மிச்சம் இருப்பதையும் வெளியேற்றிவிட்டு, லிவரையும் கம்பியையும் இணைக்கும் பின்னைக் கழற்றுங்கள். கம்பி இரண்டு விரலில் நகர வேண்டும். இல்லையென்றால் பேக்கிங்கை மாற்ற வேண்டும். பழைய பேக்கிங் கல்நார்க் கயிறாக இருக்க வாய்ப்பு அதிகம். உலர்ந்தபடி கிளறி எடுக்காதீர்கள். நன்றாக நனைத்து, தூசு உள்ளே போகாத முகமூடி போட்டுக்கொண்டு எடுங்கள், ஊதவே ஊதாதீர்கள். புதிதாக கிராஃபைட் கயிறு போட்டு நட்டைக் கையால் மட்டும் முறுக்கினால் போதும்.

அப்புறம் குண்டுகளைக் கையால் மெதுவாக உயர்த்தி விடுங்கள். எங்கும் தடுக்காமல் இறங்க வேண்டும். பின்னுக்கான துளைகள் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் லிவரின் நுனி வெறுமனே ஆடும். ஒரு நெல்மணியின் தடிமனுக்கு மேல் ஆட்டம் தெரிந்தால் புது பின்னும் புஷ்ஷும் கடைந்து போடுங்கள். குண்டுகள் உச்சிக்குப் போகும் முன்பே வால்வு முழுக்க மூடுகிறதா என்றும் பாருங்கள். பக்கத்தில் எண்ணெய் ஊற்றிய சின்ன சிலிண்டரும் பிஸ்டனும் இருந்தால் அது ஆட்டத்தை அடக்குவதற்காக வைத்தது, வற்றிப்போயிருக்கும், நிரப்புங்கள்.

கம்ப்ரஸரில் ஓட்டுவதால் இன்னொன்றும் உண்டு. டாங்கியில் அழுத்தம் இறங்கினால் மோட்டார் போட்டுக்கொள்ளும், ஏறினால் நின்றுவிடும். எஞ்சினின் ஏற்ற இறக்கம் அந்தத் தாளத்தோடு ஒத்துப்போகிறதா என்று அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டே கவனியுங்கள். ஒத்துப்போனால் குற்றம் கவர்னர் மேல் இல்லை. இடையில் ஒரு பிரஷர் ரெகுலேட்டர் போட்டால் சரியாகிவிடும். காற்றுக் குழாயைக் கவர்னர் வால்வுக்கு முன்னால்தான் இணைக்க வேண்டும். வால்வைத் தாண்டிக் கொடுத்திருந்தால் குண்டுகள் சும்மா சுற்றுகின்றன என்று அர்த்தம்.

கவர்னரைக் கழற்றிவிட்டு ஓட்டுவது பற்றிக் கடைசியாகச் சொல்கிறேன், இதை மட்டும் மறந்துவிடாதீர்கள். கழற்றிவிட்டால் வால்வை மூட எதுவும் இருக்காது. பெல்ட் அறுந்தாலோ நழுவினாலோ அதே கதிதான்: குண்டுகள் தாழும். வேகம் குறைந்துவிட்டது என்று நினைத்து வால்வு முழுக்கத் திறந்துகொள்ளும். சுமை இல்லாத எஞ்சின் அப்போது எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. வேகம் இரண்டு மடங்கானால் சக்கரத்தின் விளிம்பைப் பிய்க்கிற விசை நான்கு மடங்காகும். வார்ப்பிரும்பு இழுப்புக்குத் தாங்காது, அதிலும் பழைய சக்கரத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். அதனால் புதிய பெல்ட் போடுங்கள், எண்ணெய் படாமல் வையுங்கள், கப்பியின் அளவை மாற்றாதீர்கள். ஓடும்போது ஒருவர் எப்போதும் காற்றை அடைக்கும் வால்வில் கை வைத்தபடி, சக்கரத்தின் நேர்கோட்டில் இல்லாமல் பக்கவாட்டில் நிற்கட்டும். பின்னாளில் நீராவிக்கே மாற நினைத்தால், பாய்லர் ஆய்வாளரின் சான்று கையில் வராமல் அடுப்பு மூட்டாதீர்கள்.

எல்லாம் முடித்த பிறகு சுமை இல்லாமல் ஒரு நிமிடம் எண்ணுங்கள், ஹல்லரைப் பூட்டி ஒரு நிமிடம் எண்ணுங்கள். முதலில் 124, பிறகு 118 என்கிற மாதிரி வந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. சுமை கூடும்போது வால்வு அதிகம் திறந்திருக்க வேண்டும், அதற்குக் குண்டுகள் கொஞ்சம் தாழ்ந்திருக்க வேண்டும், அதற்கு வேகம் கொஞ்சம் குறைந்துதான் ஆக வேண்டும். அந்த ஆறு சுற்றையும் பிடித்துவிடலாம் என்று எதையும் முடுக்காதீர்கள்.